இல்லாததை நீக்கப் போய்: ஜாவாஸ்கிரிப்ட் அணியிலிருந்து உறுப்புகளை எடுப்பது பற்றி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உணவகத்தின் அடுப்படிக்காகச் சிறு இணையப் பயன்பாடு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு மேசை போய் ஆர்டர் எடுப்பவர் கைபேசியில் பதிவதெல்லாம் அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த திரையில் வந்த வரிசையிலேயே நிற்கும். சாப்பிட வந்தவர் மனம் மாறி ஒன்றை வேண்டாமென்று சொன்னால், அந்த வரிக்குப் பக்கத்திலிருக்கும் ரத்துப் பொத்தானைத் தட்டினால் போதும். இரண்டு வாரம் குறையொன்றும் இல்லாமல் ஓடியது. பிறகு, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் நெரிக்கும் வேளையில் மட்டும் ஒரு விசித்திரமான புகார் வரத் தொடங்கியது: கடைசியாக வந்து உட்கார்ந்தவருக்குச் சில நாள்களில் சாப்பாடு வருவதே இல்லை. ஆர்டர் எடுத்தவர் பதிந்தேன் என்கிறார். அடுப்படியில் இருப்பவர் அப்படியொன்றைப் பார்க்கவே இல்லை என்கிறார். இருவர் மேலும் தவறில்லை என்று நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

தவறு என் நிரலின் இரண்டு வரிகளில் இருந்தது. ரத்து செய்ய வேண்டிய ஆர்டர், மதிப்புகளை வரிசையாக வைத்திருப்பதும் அரே என்று நாம் பேச்சில் சொல்வதுமான அணியில், எந்த இடத்தில் இருக்கிறது என்று ஃபைண்ட்இண்டெக்ஸ் கொண்டு தேடுவது முதல் வரி. அந்த இடத்திலிருந்து ஓர் உறுப்பை ஸ்ப்ளைஸ் கொண்டு எடுப்பது இரண்டாம் வரி. திரையை மறுபடி வரைவதைச் சேவையகத்தின் மறுமொழி வந்த பிறகுதான் செய்யும்படி எழுதியிருந்தேன். அதனால் கூட்ட நேரத்தில் இணைப்பு மந்தப்படும்போது, பொத்தானைத் தட்டியும் அந்த வரி மறையாமல் சற்று நேரம் அப்படியே நிற்கும். தட்டியவர் பொறுமையிழந்து இன்னொரு முறை தட்டுவார். முதல் தட்டிலேயே ஆர்டர் அணியை விட்டுப் போய்விட்டது. இரண்டாம் தட்டில் தேடினால் அது அங்கே இல்லை. இல்லாதபோது ஃபைண்ட்இண்டெக்ஸ் தரும் விடை -1. அந்த -1 நேராக ஸ்ப்ளைஸின் கைக்குப் போகிறது. ஸ்ப்ளைஸுக்கோ எதிர்ம எண் வந்தால் கடைசியிலிருந்து எண்ண வேண்டும் என்பது விதி. -1 என்றால் கடைசி உறுப்பு. இல்லாத ஆர்டரை நீக்கச் சொன்னேன், அது சற்று முன் வந்த ஆர்டரை நீக்கியது. பிழைச் செய்தி என்று ஒன்றும் எழவில்லை.

தேடும் வழிமுறை ‘இல்லை’ என்ற பொருளில் சொல்லும் எண்ணை வெட்டும் வழிமுறை ‘கடைசி’ என்று புரிந்துகொள்கிறது என்பதுதான் இதன் சாரம். இரண்டும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. சேர்த்து எழுதும்போது நடுவில் ஒரு கேள்வி வேண்டும்: இடம் -1 என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பு. ஒரே ஒரு வரி. அந்த வரியில்லாத நிரலை அதன் பின் நான் பிறர் எழுதியவற்றிலும் பல முறை பார்த்துவிட்டேன்; ஏனென்றால் சோதனை செய்யும்போது எவரும் இருக்கும் பொருளைத்தான் நீக்கிப் பார்க்கிறார்களே தவிர, இல்லாத பொருளை நீக்கிப் பார்ப்பதில்லை.

பைத்தான் மொழியில் பட்டியலுக்கு ரிமூவ் என்று நேரான ஒரு வழிமுறை உண்டு. மதிப்பைச் சொன்னால் முதலில் எதிர்ப்படுவதை நீக்கும், இல்லையென்றால் பிழை எழுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் அணிக்கு அப்படி எதுவும் இன்றுவரை இல்லை. இருப்பவை முனைகளிலிருந்து எடுக்கும் பாப், ஷிஃப்ட் ஆகிய இரண்டும், நடுவில் கைவைக்கும் ஸ்ப்ளைஸும்தான். இவை 1997இல் நெட்ஸ்கேப் 4 உலாவியோடு வந்த ஜாவாஸ்கிரிப்ட் 1.2இல் நுழைந்தவை; பெயர்களும் பயன்பாடும் பெர்ல் மொழியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறையாகிய எக்மாஸ்கிரிப்டின், 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு அவற்றைத் தரத்தில் சேர்த்தது. ஸ்ப்ளைஸ் என்ற சொல் கயிற்றுத் தொழிலுக்குரியது: அறுந்த இரண்டு கயிறுகளின் முனைகளைப் புரி பிரித்து, ஒன்றன் புரியை மற்றொன்றன் புரியோடு பின்னி, முடிச்சே தெரியாமல் ஒன்றாக்குவது. வெட்டுவதைவிட வெட்டிய இடத்தை ஒட்டுவதுதான் அச்சொல்லின் உயிர். இதை மனத்தில் வைத்தால் ஸ்ப்ளைஸின் நடத்தை முழுவதும் விளங்கும்: எங்கே தொடங்க வேண்டும், எத்தனையை எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் புதிதாக எதையேனும் வைக்க வேண்டுமா என்று மூன்று செய்திகளை வாங்கிக்கொண்டு, எடுத்தவற்றை ஒரு தனி அணியாக நம் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இடைவெளியின்றிச் சேர்த்துவிடுகிறது. இதற்கும் ஒன்றையும் குலைக்காமல் பிரதி மட்டும் எடுக்கும் ஸ்லைஸுக்கும் ஓரெழுத்துத்தான் வேறுபாடு என்பது அந்நாளில் பெயர் வைத்தவர்கள் நமக்கு இழைத்த சிறு கொடுமை.

இரண்டாவதான எண்ணிக்கையை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணியின் இடங்கள் 0 முதல் எண்ணப்படுவதால், [10, 20, 30, 40, 50] என்ற அணியில் ஸ்ப்ளைஸ்(1, 1) என்றால் 20 மட்டும் போகும். ஸ்ப்ளைஸ்(1) என்றால் 20 முதல் 50 வரை அனைத்தும் போய் [10] மட்டும் மிஞ்சும். எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் என நம்புவது இயல்பு. அது கடைசிவரை என்று எடுத்துக்கொள்கிறது.

ஒன்றை எடுப்பதைவிடப் பலவற்றை எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள். [4, 7, 7, 9] என்ற அணியிலிருந்து 7 என்பவற்றையெல்லாம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0ஆம் இடத்திலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஒரு மடக்கை, அதாவது லூப்பை, எழுதி, 7ஐக் கண்ட இடத்தில் ஸ்ப்ளைஸ் செய்தால், 1ஆம் இடத்தில் இருந்த 7 போகிறது, அணி [4, 7, 9] ஆகிறது. இரண்டாவது 7 இப்போது 1ஆம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மடக்கோ 2ஆம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே 9 இருக்கிறது. இரண்டாவது 7 எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது. பந்தியில் ஒருவர் எழுந்ததும் மற்றவர்கள் ஓரிடம் நகர்ந்து உட்கார்ந்தால், வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வருபவர் ஒருவரை விட்டுவிடுவது போலத்தான் இது. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உதவும் ஃபார்ஈச் எழுதினாலும், ஃபார்-ஆஃப் எழுதினாலும் இதே கதைதான். இரண்டும் உள்ளுக்குள் இடத்தின் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகின்றவையே. ஜாவா என்ற வேறொரு மொழியில் இப்படிச் செய்தால் பெரும்பாலும் பிழை எழுந்து நிரல் நின்றுவிடும். இங்கே ஒன்றும் நேராது, விடை மட்டும் தவறாக வரும். அடுத்தடுத்து இரண்டு 7கள் இல்லாத அணியில் சோதித்தால் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும் என்பது இதன் வஞ்சகம்.

பின்னோக்கி வரும் மடக்கு இதற்குப் பழைய மருந்து. கடைசி இடத்தில் தொடங்கி 0ஐ நோக்கி வந்தால், நீக்கியதன் வலப்பக்கம் இருப்பவை மட்டுமே நகர்கின்றன. அவற்றை நாம் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டோம். இது சரியான விடையைத் தரும், ஆனால் பெரிய அணியில் மெதுவாகத் தரும். ஒவ்வொரு ஸ்ப்ளைஸும் தனக்கு வலப்பக்கம் உள்ள அனைத்தையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ள வேண்டியிருப்பதால், 1,00,000 உறுப்புள்ள அணியில் ஒன்றுவிட்டு ஒன்றாக 50,000 உறுப்புகளை இப்படி நீக்கினால், ஒரு நீக்கத்துக்குச் சராசரியாக 25,000 நகர்வுகள் என்ற கணக்கில், மொத்தம் ஏறத்தாழ 125 கோடி நகர்வுகள் ஆகின்றன. உலாவியின் எஞ்சின் நினைவகத்தைக் கட்டுக்கட்டாக நகர்த்தும் திறமை உடையது என்பதால் இது நாம் அஞ்சும் அளவுக்கு நேரம் பிடிக்காது என்றாலும், ஒரே நடையில் முடிய வேண்டிய வேலைக்கு இது வீண்.

அந்த ஒரே நடைக்கு 2009இல் எக்மாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்போடு வந்த ஃபில்டர் போதும். ஒவ்வோர் உறுப்பையும் ஒரு முறை பார்க்கும், நாம் கொடுத்த செயற்கூறு (ஃபங்ஷன்) உண்மை என்று சொன்னவற்றைப் புதிய அணியில் சேர்க்கும், பழைய அணியைத் தொடாது. நான் இன்று நீக்கும் வேலையில் பத்துக்கு எட்டுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இதன் கேள்வி தலைகீழானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: எதை நீக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறது. மாவு சலிக்கும்போது சல்லடையின் கீழே விழுவதை வைத்துக்கொண்டு மேலே நிற்கும் கப்பியை ஒதுக்குகிறோம். முறத்தில் புடைக்கும்போது முறத்தில் நிற்பதை வைத்துக்கொண்டு பறப்பதை விட்டுவிடுகிறோம். ஃபில்டர் என்ற பெயரை மட்டும் கேட்டால் இரண்டில் எது என்று தெரியாது. ஆர்டர் எண் 12ஐ நீக்க வேண்டுமென்றால், எண் 12 அல்லாதவற்றை வைத்துக்கொள் என்று எழுத வேண்டும். அவசரத்தில் ‘அல்லாத’ விடுபட்டால் 12 மட்டும் மிஞ்சும்.

ஃபில்டரில் வேறு இரண்டு பள்ளங்களையும் நான் நேரில் அளந்திருக்கிறேன். அம்புக்குறிச் செயற்கூற்றை நெளிவு அடைப்புக்குள் எழுதி ரிட்டர்ன் என்ற சொல்லை மறந்துவிட்டால், செயற்கூறு எதையும் திருப்பித் தராது; தராதது பொய் என்று கொள்ளப்படும்; அணி முழுதும் காலியாகிவிடும். மற்றொன்று, வெற்று மதிப்புகளைத் துரத்த ஃபில்டர்(பூலியன்) என்று சுருக்கமாக எழுதுவது. அது மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’, ‘அன்டிஃபைன்ட்’ ஆகியவற்றோடு 0ஐயும் வெற்றுச் சரத்தையும் சேர்த்தே துரத்திவிடும். மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வராதவர்களை நீக்குவதற்கு ஒருவர் இதை எழுதினால், வந்து பூஜ்யம் வாங்கியவர்களும் காணாமற்போய், வகுப்பின் சராசரி கூடிவிடும்.

இன்னொரு வேறுபாடு உண்டு. அதை வேகக் கணக்கைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு மதிப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் இன்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடி ஸ்ப்ளைஸ் செய்தால் பொருந்துவனவற்றுள் முதலாவது மட்டுமே போகும். ஃபில்டர் செய்தால் பொருந்துவன அனைத்தும் போகும். ஒருவர் இரண்டு மசால் தோசை சொல்லி, ஒன்றை வேண்டாமென்றால், பெயரை வைத்து ஃபில்டர் செய்த நிரல் இரண்டையும் ரத்து செய்துவிடும்.

டிலீட் என்ற செயற்குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதற்காகச் சிறிது சொல்கிறேன். அது பொருளின் பண்புகளை நீக்குவதற்கு உரியது. அணியில் பயன்படுத்தினால் உறுப்பு போகும், இடம் போகாது. [10, 20, 30] என்பதில் 1ஆம் இடத்தை டிலீட் செய்தால் நீளம் 3 ஆகவே இருக்கும், நடுவில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டையை ஃபார்ஈச் தாண்டிப் போகும், ஃபார்-ஆஃப் அன்டிஃபைன்ட் என்று காட்டும், தரவை எழுத்துவடிவில் அனுப்பும் ஜேசனாக மாற்றினால் [10,நல்,30] என்பதாகச் சேவையகத்துக்குப் போய்ச் சேரும். ஒரே ஓட்டைக்கு மூன்று முகங்கள். ஏற்கெனவே யாரோ இப்படி ஓட்டை போட்டு வைத்த அணி உங்கள் கைக்கு வந்தால், எப்போதும் உண்மை என்று சொல்லும் செயற்கூற்றோடு ஒரு ஃபில்டர் போதும்; ஓட்டைகளை அது எண்ணுவதே இல்லை என்பதால் விடையில் அவை இரா.

இத்தனை வழிகளில் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு, பலர் வேகத்தை வைத்து விடை சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்த அணியை வேறு யார் வைத்திருக்கிறார்கள்? ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறியை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் அணி இரண்டாகிவிடுவதில்லை, ஒரே அணிக்கு இரண்டு பெயர்கள் ஆகின்றன. ஸ்ப்ளைஸ் அந்த ஒரே அணியை மாற்றுகிறது. அந்தப் பெயர்களில் எதை வைத்திருப்பவரும் மாற்றத்தைக் காண்பார். ஃபில்டர் புதிய அணியைத் தருகிறது. அதை நாம் நம் மாறியில் வைத்துக்கொண்டாலும் மற்றவர் கையில் பழையதே இருக்கும். அணியைக் காலி செய்வதிலும் இதே பிரிவு உண்டு: நீளத்தை 0 என்று வைத்தால் அணியே காலியாகிறது, பெயரை வேறொன்றுக்கு மாற்ற முடியாதபடி கான்ஸ்ட் என்று அறிவித்த அணியையும் அப்படிக் காலி செய்யலாம், மாறிக்கு [] என்று புதிதாகக் கொடுத்தால் நம் பெயர் மட்டும் வேறிடம் போகிறது. செயற்கூறு ஒன்றுக்குப் பிறர் கொடுத்தனுப்பிய அணியை அவரைக் கேட்காமல் ஸ்ப்ளைஸ் செய்வது, படிக்க இரவல் வாங்கிய புத்தகத்தில் பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம் என்பது என் எண்ணம். திரைகளை வரைய உதவும் ரியாக்ட் நூலகத்தில் எழுதுபவர்களுக்கு இது எண்ணமன்று, விதியே: நிலையில், அதாவது ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் தரவில், இருக்கும் அணியை ஸ்ப்ளைஸ் செய்து அதே அணியைத் திருப்பிக் கொடுத்தால், பழையதும் புதியதும் ஒன்றே என்று ரியாக்ட் முடிவு செய்து திரையை வரையாமல் விட்டுவிடக்கூடும்.

2023ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த டூஸ்ப்ளைஸ்ட், ஸ்ப்ளைஸ் ஃபில்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இடத்தைச் சொல்லி நீக்கலாம், பழைய அணி அப்படியே இருக்கும். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளில் 20ஆம் பதிப்பு முதல் அது கிடைக்கிறது. பெயர் ஒத்திருக்கிறதே என்று நம்பி எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: ஸ்ப்ளைஸ் திருப்பித் தருவது நீக்கப்பட்டவற்றை, டூஸ்ப்ளைஸ்ட் திருப்பித் தருவது மிஞ்சியவற்றை. -1 வந்தால் கடைசியை எடுக்கும் பழக்கம் மட்டும் இதிலும் மாறவில்லை.

அணியை இடத்திலேயே மாற்றவும் வேண்டும், ஒரே நடையிலும் முடிய வேண்டும் என்றால், இரண்டு எண்களை வைத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: ஒன்று படிக்கும் இடம், மற்றொன்று எழுதும் இடம். படிக்கும் எண் ஒவ்வோர் உறுப்பாகப் போகிறது. வைத்துக்கொள்ள வேண்டியது வந்தால் அதை எழுதும் இடத்தில் வைத்து எழுதும் எண்ணை ஒன்று கூட்டுகிறோம். முடிவில் அணியின் நீளத்தை எழுதும் எண்ணுக்குக் குறைத்துவிடுகிறோம். வரிசை முக்கியமில்லாத இடத்தில் இதனினும் எளியது, கடைசி உறுப்பைத் தூக்கி நீக்க வேண்டியதன் இடத்தில் வைத்துவிட்டுப் பாப் செய்வது. விளையாட்டு நிரல்களில் செத்த எதிரிகளையும் பறந்து முடிந்த தோட்டாக்களையும் அகற்ற இதுவே பொருத்தம். அடுப்படி வரிசைக்கு இது உதவாது. பின்னால் வந்தவருக்கு முன்னால் சாப்பாடு போய்விடும்.

தேடுவதில் உள்ள இரண்டு நுணுக்கங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொருள்கள் நிறைந்த அணியில் எண் 3 உடைய பொருளை நீக்க, அதைப் போலவே புதிதாக ஒரு பொருளை எழுதி இன்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடினால் எப்போதும் -1 தான் வரும். உருவம் ஒன்றானாலும் அது அதே பொருளன்று. எண்ணல்லாத எண்ணாகிய ‘நான்’ (NaN) என்பதைத் தேடினாலும் -1 தான். அது தனக்கே சமமில்லாதது, இன்டெக்ஸ்ஆஃப் அந்தக் கண்டிப்பான சமத்தைத்தான் பார்க்கிறது. அணியில் ஒன்று உண்டா என்று மட்டும் பார்க்கும் இன்க்ளூட்ஸைக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும், இன்டெக்ஸ்ஆஃப் கேட்டால் இல்லை என்று சொல்லும். இருக்கிறதா என்று முன்னதைக் கேட்டுவிட்டு எங்கே என்று பின்னதைக் கேட்பவர், எச்சரிக்கையோடு எழுதியும், மறுபடியும் கடைசி உறுப்பை இழப்பார். இரண்டு இடத்திலும் ஃபைண்ட்இண்டெக்ஸே உரியது.

என் உணவகக் கதையில் -1ஐத் தடுத்த பிறகும் ஒரு பிழை எஞ்சியிருந்தது. அது வெளிப்பட ஒரு மாதம் பிடித்தது. ஆர்டரின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அவெய்ட் போட்டுச் சேவையகத்தின் சம்மதத்துக்குக் காத்திருந்து, சம்மதம் வந்ததும் அந்த இடத்தில் ஸ்ப்ளைஸ் செய்யும்படி இன்னொரு திரையில் எழுதியிருந்தேன். காத்திருந்த அந்த நேரத்தில் வரிசையின் முன்னாலிருந்த ஓர் ஆர்டர் முடிந்து போய்விட்டால், 5ஆம் இடத்தில் இருந்தது 4ஆம் இடத்துக்கு வந்திருக்கும். நானோ 5ஐ வெட்டுவேன். இடத்தின் எண் என்பது அதைக் கேட்ட கணத்துக்கு மட்டுமே உண்மை. நடுவில் ஓர் அவெய்ட் இருந்தால் காத்திருப்பு முடிந்த பிறகு மறுபடி தேடித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் அந்த அணியையே எடுத்துவிட்டு, சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும், 2015இல் வந்த மேப் ஒன்றில் ஆர்டர் எண்ணைச் சாவியாக வைத்து எழுதினேன். மேப் தனக்குள் நுழைந்த வரிசையை மறப்பதில்லை என்பதால் அடுப்படித் திரையில் ஆர்டர்கள் வந்த வரிசையிலேயே நின்றன. அதன் டிலீட் வழிமுறை, சாவி இருந்தால் நீக்கிவிட்டு ட்ரூ என்கிறது, இல்லையென்றால் எதையும் தொடாமல் ஃபால்ஸ் என்கிறது. ஆர்டர் எடுப்பவர் இப்போதும் பொத்தானை இரண்டு முறை தட்டுகிறார்.